கரண்ட் போனபோது மிஞ்சிய கோப்பு

மலையாள நாட்டுக் கரமனையில் எங்கள் தமிழ்த் தெருவுக்கென்று ஒரு சின்ன மண்டபம் உண்டு. பூணூல், பஜனை, வளைகாப்பு எல்லாம் அங்கேதான். அதன் பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. யாருடையது என்று கேட்டால் எல்லாருடையதும் என்பார்கள். வெளிநாட்டுக்குக் குடிபோன ஒரு குடும்பம் கொடுத்துவிட்டுப் போனது. சாவி பக்கத்து வீட்டு மாமியிடம் இருக்கும். வேண்டியவர்கள் வாங்கிக்கொண்டு போய், ஜாதகமோ பென்ஷன் காகிதமோ அடித்து, பிரிண்ட் எடுத்து, தங்கள் கோப்பை மறக்காமல் அழித்துவிட்டு வருவார்கள். அழித்தாச்சு என்றால் கை கழுவியாச்சு. அதற்கப்புறம் அந்த மெஷினுக்குள் தங்களுடையது ஒன்றும் இல்லை என்று எங்கள் தெருவில் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணுவார்கள்.

நான் கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதிக் கொடுக்கிற சாஃப்ட்வேரில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் வேலை. "உனக்குன்னே செஞ்ச உத்தியோகம்டா, பொறந்ததிலேர்ந்து இதைத்தானே பண்றே" என்பாள் அக்கா. என்னைக் கேலி செய்யாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அதாவது, முன்பெல்லாம்.

அவளைப் பம்பாயில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை நல்ல வேலை, நல்ல பேச்சு, நெற்றியில் விபூதி. அத்திம்பேர் அத்திம்பேர் என்று வாய் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டு அவன் பின்னாலேயே நான் சுற்றியிருக்கிறேன். இப்போது அந்த வார்த்தை வாயில் வரமாட்டேன் என்கிறது. அவன் அடிப்பான். வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அடிப்பான். அடித்து முடித்துவிட்டு, அவள் ஃபோனை வாங்கி யாருக்காவது சொன்னாளா என்று பார்ப்பான். இதெல்லாம் எங்களுக்குத் தெரியவந்ததே அவள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி வந்து இறங்கிய பிறகுதான். குழந்தை பெண், மூன்றாம் கிளாஸ். வந்த முதல் வாரம் முழுக்க, யாராவது காலிங் பெல் அடித்தால் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும்.

கரமனையில் வைத்துக்கொள்ள முடியாது. அவன் முதலில் வந்து நிற்கப்போவது எங்கள் வாசலில்தான். அதனால் வித்துராவில், பொன்முடி போகிற ரோட்டில், ஒரு தனியார் பள்ளியில் அக்காவுக்கு வேலை பார்த்தோம். குழந்தைக்கும் அங்கேயே இடம் கிடைத்தது. ஒரு மளிகைக் கடைக்கு மேலே மாடிப் போர்ஷன். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், "கோயம்புத்தூர்ல இருக்கா" என்று சொல்லிவைத்தோம். வித்துரா என்பது அம்மாவுக்கும் எனக்கும் வக்கீலுக்கும் மட்டும்தான் தெரியும்.

வக்கீல் அம்மாளின் ஆபீஸ் வஞ்சியூர் கோர்ட்டுப் பக்கம். மலையாளி, கறாரான மனுஷி. "நடந்ததெல்லாம் எழுதணும் கேட்டோ, ஒண்ணும் விடக்கூடாது. இப்போ எங்கே தாமசம், எந்த விலாசம், குழந்தை எங்கே படிக்குது, அதுவும் வேணும். அந்த இடத்தை வச்சுத்தான் எந்தக் கோர்ட்டுன்னு தீருமானிக்கறது" என்றார். மனுவில் விலாசத்தை எதிர்க்கட்சிக்குக் காட்டாமல் வைக்கும்படி கோர்ட்டில் கேட்கலாம், அது என் பொறுப்பு, அதுவரை உங்கள் நிழலுக்குக்கூட விலாசம் தெரியக்கூடாது என்றும் சொன்னார். எங்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவன் கிட்டே வரக்கூடாது, குழந்தை அம்மாவிடம்தான் இருக்கும் என்று ஒரு உத்தரவு கைக்கு வருகிறவரை வித்துரா என்ற பெயர் அவன் காதில் விழக்கூடாது.

அப்பாவின் திவசத்துக்கு அக்கா குழந்தையோடு வந்திருந்தாள். மறுநாள் நான் ஆபீஸ் போயாச்சு. எழுதவேண்டியதை அன்றைக்கே எழுதி முடித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எங்கே உட்கார்ந்து எழுதுவது? அவள் ஃபோனில் எழுதமாட்டாள். "அதைத் தொட்டாலே பயமா இருக்குடா. எத்தனை வருஷம் தினம் வாங்கிப் பார்த்திண்டிருந்தான்! புது ஃபோன்தான், புது நம்பர்தான், ஆனா உள்ளே அவன் உக்காந்திண்டு இருக்கற மாதிரியே இருக்கு" என்று முன்பே என்னிடம் சொல்லியிருந்தாள். என்னுடைய லேப்டாப்போ கம்பெனியுடையது, பென் டிரைவைச் செருகினால் ஊரைக் கூட்டும். கடையில் போய் அடித்தால் பின்னால் நிற்கிறவன் படிப்பான். மண்டபத்துக் கம்ப்யூட்டர்தான் மிச்சம். மத்தியானத்தில் அந்தப் பக்கம் ஈ காக்காய் வராது. எந்தத் தனி மனுஷனுடையதும் இல்லாத மெஷின் என்பதாலேயே அவளுக்கு அதன்மேல் நம்பிக்கை.

ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். பென் டிரைவில்தான் எழுதினாள், மெஷினில் ஒரு எழுத்துக்கூட வைக்கவில்லை. இங்கிலீஷில், பள்ளிக்கூட டீச்சருக்கே உரிய ஒழுங்கோடு, அவன் அடித்த முதல் அடியில் ஆரம்பித்து வரிசையாக. கடைசிப் பக்கத்தில் வித்துரா விலாசமும் குழந்தையின் பள்ளியும். அதை அடித்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக் கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் ஒன்று இருக்கிறது, பேருக்கு. அதன் பேட்டரி செத்து எத்தனையோ காலம். மாற்றவேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுவார்கள், பேசிவிட்டுக் காபி குடித்துக் கலைவார்கள். கீச்சென்று ஒரு சத்தம், ஸ்கிரீன் கறுப்பு.

கொஞ்சநேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு, கதவைப் பூட்டிச் சாவியை மாமியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். "கடைசிப் பக்கம் போயே போச்சு. சாரமில்லை, போனாப் போறது, வக்கீல் ஆபீஸ்ல போய் மறுபடி அடிச்சுக்கறேன்" என்று அம்மாவிடம் சொன்னாளாம். சாயங்கால பஸ்ஸுக்குக் குழந்தையோடு கிளம்பியும் போனாள்.

அந்தக் கடைசிப் பக்கம் அழிந்துபோகவில்லை. அதைத்தான் இங்கே சொல்லவேண்டும். நாம் பென் டிரைவில் எழுதினாலும் சரி, எங்கே எழுதினாலும் சரி, அந்த மாதிரி சாஃப்ட்வேர் நமக்குச் சொல்லாமலே மெஷினுக்குள் ஒரு மூலையில் தனக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொண்டே வரும். தற்காலிகக் கோப்பு என்று பெயர். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, திடீரென்று நின்றுபோனால் உதவட்டும் என்றுதான். நாம் ஒழுங்காக மூடிவிட்டு எழுந்தால், பந்தி முடிந்ததும் எச்சில் இலையை எடுத்து இடத்தைத் துடைக்கிற மாதிரி அதுவே அந்தப் பிரதியை அழித்துவிடும். நடுவில் கரண்ட் போனால்? துடைக்கவேண்டியதே செத்துப்போச்சு, யார் துடைப்பது? இலை அப்படியே கிடக்கும். கிடந்தாலாவது பரவாயில்லை. அடுத்தமுறை யார் வந்து திறந்தாலும், இதோ, போன தடவை முடிக்காமல் விட்டது, வேண்டுமா என்று எடுத்து முன்னால் வைக்கும். திறந்தது யார் என்று பார்க்காது.

அந்த வாரமே ஒரு மத்தியானம். ஆபீசில் இருக்கிறேன், அக்காவிடமிருந்து ஃபோன். "எடுத்துண்டு போயிட்டாண்டா" என்றாள். என்ன எடுத்துக்கொண்டு போனான் என்று கேட்டேன். மடையன், கேட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கே வந்திருக்கிறான். அக்கா அடுத்த கட்டடத்தில் பெரிய பிள்ளைகளுக்குக் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் ரூமில் போய் அடையாள அட்டையைக் காட்டி, ஃபோனில் மூன்று பேரும் சேர்ந்து நிற்கிற படத்தைக் காட்டி, பாட்டிக்கு ரொம்ப சீரியஸ், குழந்தையைப் பார்க்கணும் என்று கேட்கிறாள் என்று கண் கலங்கியிருக்கிறான். நன்றாகக் கலங்குவான், நான் பார்த்திருக்கிறேன். அக்காவுக்கு ஆள் அனுப்புகிறோம் என்றார்களாம், அவள் வெளியே டாக்சியில் காத்திருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறான். குழந்தையைக் கூப்பிட்டார்கள். அது அவனைப் பார்த்ததும் ஓடவும் இல்லை, அழவும் இல்லை. அவன் நீட்டிய விரலைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நடந்து போனதாம். சோற்று டப்பா திறக்காமலே பெஞ்சில் இருந்தது.

நெடுமங்காடு வழியாக எப்படிக் காரை ஓட்டிக்கொண்டு போனேன் என்று எனக்கே தெரியாது. போலீஸ் ஸ்டேஷனில் அக்காவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். "சாரே, அச்சன் குட்டியைக் கொண்டு போயதல்லே? இதில் ஞங்ஙள் எந்து செய்யான்?" அப்பன் தன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனதில் நாங்கள் என்ன செய்வது என்று கேட்கிறார் அந்த அதிகாரி. உத்தரவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மனு இன்னும் கோர்ட்டில் ஏறவே இல்லை. அக்கா அந்தத் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் பம்பாய் போய்ச் சேர்ந்த பிறகு அவன் எனக்கு ஒரு படம் அனுப்பினான். கம்ப்யூட்டர் ஸ்கிரீனை ஃபோனில் பிடித்த படம். அக்கா எழுதிய கடைசிப் பக்கம், விலாசத்தோடு. கீழே ஒரே வரி: "உங்க அக்கா நன்னா எழுதறா."

படத்தின் மேல் ஓரத்தில், கோப்பின் பெயருக்குப் பக்கத்தில், 'ரெக்கவர்டு' என்று இருந்தது. மீட்டெடுத்தது என்று அர்த்தம். தினம் பார்க்கிற வார்த்தை எனக்கு. அக்கா, எங்கே உக்காந்து எழுதினே என்று கேட்டேன். மண்டபத்தில் என்றாள். கரண்ட் போச்சா என்றேன். அவளுக்கு நான் ஏன் கேட்கிறேன் என்றே புரியவில்லை.

மறுநாள் காலை சாவி வாங்கிக்கொண்டு போய் அந்த மெஷினைத் திறந்தேன். தற்காலிகக் கோப்புகள் கிடக்கிற இடத்தில் எங்கள் தெருவே கிடந்தது. ஒருவருடைய உயில். யாரோ ஒரு பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட். ஒரே பையனுக்கு இரண்டு பிறந்த நேரத்தோடு இரண்டு ஜாதகம். எல்லாரும் அழித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள், எல்லாரும் கை கழுவிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். ஸ்கேனர் சாஃப்ட்வேர் தன் பங்குக்கு ஒன்று, பிரிண்டர் சாஃப்ட்வேர் தன் பங்குக்கு ஒன்று என்று விட்டுவைத்திருந்தன. பெயர்களைப் பார்த்ததே போதும் போதும் என்றாகிவிட்டது. ஒன்றையும் திறக்காமல் மொத்தத்தையும் துடைத்தேன். அக்காவுடையதையும் சேர்த்துத்தான். இனி அதைத் துடைத்து என்ன!

மண்டபத்தின் காரியதரிசி மாமா வந்தார். பாங்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவர். உற்சவம் வரப்போகிறது, நோட்டீஸ் அடிக்கிற வேலை அவருடையது. அக்காவின் கல்யாணத்தைப் பேசி முடித்தவரும் அவர்தான். மாப்பிள்ளையின் அப்பாவும் அவரும் பம்பாயில் ஒரே பிராஞ்சில் இருந்தவர்கள்.

படத்தைக் காட்டி, "மாமா, இதை யார் எடுத்தா?" என்று கேட்டேன்.

"நான்தாண்டா" என்றார். ஒளிக்கவே இல்லை. "நோட்டீஸ் அடிக்க உக்காந்தேன். இடது பக்கம் இது வந்து நின்னுது. யாரோ நம்ம நோட்டீஸை ஆரம்பிச்சு வச்சிருக்கான்னு அமுக்கினேன்."

"படிச்சேளா?"

"முழுக்கப் படிச்சேன். அழுதேண்டா. என் பொண்ணு மாதிரின்னா அவ!" அப்போதும் அவர் கண் நிறைந்துவிட்டது. "நான் பேசி முடிச்ச சம்பந்தமாக்கும். நாளைக்குக் கோர்ட்டு, போலீசுன்னு ரெண்டு குடும்பமும் சந்தி சிரிக்கறதுக்கு முன்னாடி பேசித் தீர்த்து வைக்க வேண்டியவன் நானில்லையோ? அவன் அப்பாவுக்கு எல்லாப் பக்கத்தையும் படம் பிடிச்சு அனுப்பி, உன் பிள்ளை பண்ணியிருக்கற காரியத்தைப் பாருய்யான்னு கேட்டேன். இங்கே மண்டபத்துலயே நாலு பேரை வச்சுப் பேசலாம், அவனைக் கால்ல விழ வைக்கறேன்னு சொன்னேன்."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். சம்பந்தம் பேசி முடித்தவருக்கு அதோடு வேலை முடிவதில்லை. பின்னால் விரிசல் விட்டால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள், அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எத்தனையோ வீட்டில் அப்படி ஒட்டவைத்தும் இருக்கிறார்கள். ஒட்டிய பிறகு உள்ளே என்ன நடந்தது என்று போய்ப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

"விலாசம் இருந்ததே, மாமா. கடைசிப் பக்கத்துல, கொட்டை எழுத்துல."

என் கையிலிருந்த ஃபோனை அவர் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "இதையா? இதை நான் கவனிக்கவே இல்லையேடா" என்றார். சத்தியமாக அவர் கவனித்திருக்கமாட்டார். அடித்ததையும் சூடு வைத்ததையும் படித்துவிட்டு அழுதுகொண்டிருந்த மனுஷன், விலாசத்தை எங்கே பார்ப்பார்?

"எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கப்படாதா?"

"உங்ககிட்ட கேட்டா கோர்ட்டுதான்னு ஒத்தக் கால்ல நிப்பேள். அதான்…"

வயசில் பெரியவரை எப்படியெல்லாம் பேசக்கூடாதோ அப்படியெல்லாம் பேசினேன். பக்கத்து வீட்டு மாமி வந்து என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் கிடையாது. அவர் நல்லவர் என்று தெருவில் எல்லாரும் வந்து வந்து சொல்கிறார்கள். நல்லவர்தான், யார் இல்லை என்றது? நல்லவர் கையால்தான் எங்கள் குழந்தை போச்சு.

ஆபீசில் எங்கள் சாஃப்ட்வேரிலேயே இதே குற்றம் ஒன்று இருந்தது. பாதியில் நின்றுபோனால் தற்காலிகக் கோப்பு அழிவதில்லை என்று நான் எப்போதோ எழுதிவைத்தது. அவசரமில்லை என்று முத்திரை குத்தி ஓரம் கட்டியிருந்தார்கள். அதை மறுபடி எடுத்துக் கூட்டத்தில் வைத்தேன். எழுதிய பையன் சிரித்துக்கொண்டே, "சாரே, ஆ ஃபோல்டரில் ஆரு போயி நோக்கும்?" என்றான். அங்கே போய் யார் பார்க்கப்போகிறார்கள்! மேனேஜர், எந்தக் கஸ்டமரும் புகார் சொல்லவில்லையே என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேஜையைக் கவிழ்த்திருக்கவேண்டும். யாரும் தேடிக்கொண்டு போகவேண்டாம் ஐயா, அதுவே வந்து முன்னால் நிற்கும், நிற்கிற இடத்தில் ஒருவர் நோட்டீஸ் அடிக்க உட்கார்ந்திருப்பார் என்று கத்தினேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் ஏதோ பிரச்சினை போல என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. முத்திரையை மாற்றவில்லை.

அவன் பம்பாய்க் கோர்ட்டில் எங்களுக்கு முந்திக் கஸ்டடி கேஸ் போட்டுவிட்டான். நாங்கள் இங்கே ஹைகோர்ட்டுக்குப் போனோம். அப்பாவிடம் இருக்கிற குழந்தையைக் காணாமல் போன குழந்தையாக எடுத்துக்கொள்ள முடியாது, கஸ்டடி கேஸ் நடக்கிற இடத்தில் போய்ப் பேசுங்கள் என்றார்கள். பேசினோம். குழந்தை இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வீடியோ காலில் பேசலாம் என்று ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அக்கா விடியும்போதே குளித்துத் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிடுவாள். குழந்தை முதலில் நிறையப் பேசும். போகப்போகக் குறைந்துவிட்டது. பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்பது அதன் கண் ஓடுகிற திசையிலேயே தெரியும். ஒரு ஞாயிறு, வந்ததும் வராததுமாக அது கேட்டது: "அம்மா, நீ அப்பாவைப் பத்தி எழுதினதையெல்லாம் அப்பா எனக்குப் படிச்சுக் காட்டினா. எல்லாம் பொய்தானே அம்மா?"

அக்கா எழுதிய அத்தனை பக்கங்களில் பாதி, அந்தக் குழந்தை அடுத்த அறையில் விழித்துக்கொண்டு கேட்டவை. அதற்குத் தெரியாதா? கேட்டுவிட்டு ஓரமாகத் திரும்பிப் பார்த்தது. பிறகு இங்கே பார்த்தது. பின்னால் நின்ற எங்கள் அம்மா என் தோளைப் பிடித்தாள்.

"பொய்தாண்டி கண்ணா. அம்மா ஏதோ கோவத்துல எழுதிட்டேன்" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே. குழந்தையின் முகம் தெளிந்துவிட்டது. உடனே ஒரு டிராயிங்கை எடுத்துவந்து காட்டிற்று. மயிலோ கோழியோ, ஏதோ ஒன்று. அக்கா ரொம்ப அழகா இருக்குடி என்றாள்.

அடுத்த வாய்தாவுக்கு அவன் தரப்பில் அந்தப் பேச்சைப் பதிவு செய்து கோர்ட்டில் கொடுத்துவிட்டார்கள். அடித்தான் என்று எழுதியதெல்லாம் பொய் என்று தாயே தன் வாயால் ஒப்புக்கொண்டிருக்கிறாள் என்று மனு. வக்கீல் அம்மாள் ஃபோனில் அதை வாசித்துக் காட்டினார். "இனி நான் எப்படி வாதிக்கறது? எதுக்கு அப்படிச் சொன்னீங்க? ஒண்ணும் சொல்லாம இருந்தால்கூடப் போதுமாயிருந்ததே!"

அக்கா ஃபோனை வாங்கி, "குழந்தை அவனோட அந்த வீட்டுலதானே மேடம் இருந்தாகணும்" என்றாள்.